இடங்காட்டும் யந்திரமும் முதியோர் சம்மதமும்

ஞாபக சக்தி குன்றி, வீட்டைவிட்டு வெளியேறி, வழி தெரியாமல் தவிக்கும் முதியோரைக் கண்டுபிடிப்பதற்கென்று சிறு யந்திரங்கள் சில வருஷங்களாக நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. கைக்கடிகாரத்தின் உருவிலும், கழுத்தில் அணியும் பதக்கத்தின் உருவிலும், சட்டைப்பையில் போட்டு வைக்கும் வில்லையின் உருவிலும் அவை கிடைக்கின்றன. பெரியவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பல நூறு மைல்களுக்கு அப்பாலிருக்கும் மகன் தன் செல்போனில் தேசப்படத்தோடு பார்த்துக்கொள்ளலாம். பட்டணத்துச் சரக்கென்று எண்ணி நாம் இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. செல்போன் வந்துவிட்ட கிராமத்திற்கு இதுவும் வந்து சேர அதிக காலம் பிடிக்காது. வந்த பிறகு விழிப்பதைவிட, வருமுன்பே இவ்விஷயத்தை ஆலோசித்து ஒரு முடிவுக்கு வருவது நலமென்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யந்திரம் வேண்டியதே. ஆனால் அதை அணியப்போகிறவரை, அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும் காலத்திலேயே கேட்டு, அவர் சம்மதித்த பிறகே அணிவிக்கவேண்டும். இந்நிபந்தனையை உசிலம்பட்டிச் சீமையில் வற்புறுத்துவதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர் விவரிப்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. டிமென்ஷியா என்று டாக்டர்கள் வழங்கும் இந்த மறதி நோய், வயதானால் எல்லோருக்கும் வரும் சாதாரண மறதி அன்று. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடுவது முதுமை. மூக்குக்கண்ணாடி எதற்கென்பதே மறந்து போவது நோய். இதில் முக்கியமான வகையை 1906ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் அலாயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் ஒரு சபையில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. 2021ஆம் வருஷத்தில் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயால் பீடிக்கப்பட்டிருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நமது தேசத்தில் பல மாகாணங்களிலும் முதியோரைப் பரீட்சித்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7.4 பேருக்கு இந்நோய் உண்டு. அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர். அந்த ஆராய்ச்சி சொல்லும் இன்னொரு விஷயம் நம்மவர்கள் கவனிக்கத்தக்கது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரவாசிகளைவிடக் கிராமவாசிகளுக்கும் இந்நோய் அதிகம். உழைத்து வாழும் கிராமத்தில் புத்தி மழுங்காது என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வீண் பெருமை. கிராமத்தில் நோய் இருக்கிறது. அதற்கொரு பெயர் இல்லை, அவ்வளவுதான். "பெரியவருக்கு நெனப்புத் தப்பிப் போச்சு" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்நோய்க்கு ஆளானவர்கள் வீட்டைவிட்டு ஏன் புறப்படுகிறார்கள்? காரணமின்றி அலைகிறார்கள் என்று நினைப்பது தவறு. நாம் நிற்கும் இடம் எது, போகும் திசை எது என்பதை உணர்த்தும் நுண்ணிய அணுக்கள் மூளையில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்காக ஜான் ஓ'கீஃப் என்பவருக்கும், மோஸர் தம்பதிகளுக்கும் 2014இல் வைத்தியத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அல்ஸைமர் நோய் முதன் முதலில் தாக்கும் இடங்களில் இந்த அணுக்கள் குடியிருக்கும் பகுதியும் ஒன்று. ஆகவே பெயர்களும் முகங்களும் மறக்கும் முன்பே சிலருக்கு வழி மறந்து போகிறது. அன்றியும், சமீப காலத்து ஞாபகம் முதலில் அழிந்து, இளமைக் காலத்து ஞாபகம் கடைசிவரை நிற்கிறது. முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே ஒரு மூதாட்டி, "பொழுது சாயுது, நான் வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் போக விரும்பும் வீடு, அவள் பிறந்த வீடு. அங்கே அவளுடைய தாய் காத்திருக்கிறாள். அந்த வீடு இடிந்து நாற்பது வருஷமாயிற்றென்று அவளுக்கு யார் சொல்வது? சொன்னாலும் ஒவ்வொரு முறையும் அது புதிய துக்கச் செய்தியாகவல்லவா அவள் காதில் விழும்?

உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள பூமியை அறிந்தவர்களுக்கு இப்படிப் புறப்படுவதன் அபாயம் நன்கு விளங்கும். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள், தண்ணீர் வரும் காலத்தில் ஆழமும் வராத காலத்தில் பள்ளமுமான கால்வாய்கள், வெயில் காலத்தில் நிழலுக்கு ஒரு மரமில்லாத கரடுகள். ஊரின் நடுவே மதுரை–தேனி ரஸ்தா இரவும் பகலும் லாரிகளால் அதிர்கிறது. ரயில் பாதையின் கதை தனி. 2010ஆம் வருஷக் கடைசியில் மீட்டர் கேஜ் வண்டி நிறுத்தப்பட்டு, அகலப் பாதை போட்டு, 2022 மே மாதத்தில்தான் தேனிவரை வண்டி ஓடத் தொடங்கிற்று. பத்து வருஷத்திற்கு மேல் வண்டியே வராத தண்டவாளப் பாதையில் நடந்து பழகிய கால்கள் நோயுற்ற பிறகும் அதே பாதையில்தான் நடக்கும். இவையெல்லாம் தப்பினாலும், ஒரு பஸ்ஸில் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கிவிட்டால், அங்கிருந்து எந்தத் திசையில் தேடுவது?

முன்னெல்லாம் இத்தகைய முதியவர் தெருவில் இறங்கினால், தெருவே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். திண்ணைக்கு ஒருவர் உட்கார்ந்திருந்த காலம் அது. இன்று பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் கேரளத்திலும் கடல் கடந்த நாடுகளிலும் பிழைக்கிறார்கள். எண்பது வயதுக் கிழவரை எழுபத்தைந்து வயதுக் கிழவி காவல் காக்கிறாள். அவள் கண்ணயரும் நேரம் பகலில் அரை மணி. அந்த அரை மணி போதும். இரவில் அவர் கிளம்பிவிடுவாரோ என்ற பயத்தில், கதவை வெளியே பூட்டுவதும், காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவதும் நம் வீடுகளில் நடக்கின்றன. இதை அச்சில் எழுதக் கூசுகிறோம். ஆனால் எழுதாமலிருப்பது நேர்மையாகாது. கட்டுகிறவர்கள் கல் நெஞ்சர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். இடங்காட்டும் யந்திரத்தைக் குறை கூறுகிறவர்கள் அதனை எதனோடு ஒப்பிடவேண்டும் என்றால், பூரண சுதந்திரத்தோடு அன்று, இந்தக் கயிற்றோடும் பூட்டோடும் ஒப்பிடவேண்டும். அவ்வாறு ஒப்பிட்டால், யந்திரம் பெரியவரைச் சிறையிலிருந்து மீட்டு, காலையில் டீக்கடை வரையிலும், மாலையில் கோயில் வரையிலும் நடந்து வர விடுகிறது என்பது தெரியும்.

இனி யந்திரம் வேலை செய்யும் விதம். ஆகாயத்திலிருந்து ஒரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறதென்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பூமிக்குச் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஓயாமல் மணி சொல்லிக்கொண்டிருக்கின்றன. கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுத் தான் நிற்கும் இடத்தை அறிகிறது. அதுவரை அந்த இரகசியம் கருவியோடு இருக்கிறது. பின்னர் அதனுள்ளே இருக்கும் சிம் கார்டு, சாதாரணச் செல்போனைப் போலவே, பக்கத்துக் கோபுரத்தின் வழியாக அச்செய்தியை யந்திரம் விற்ற கம்பெனிக்கு அனுப்புகிறது. கம்பெனி அதை மகனுக்குக் காட்டுகிறது. இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவரின் நடமாட்டம் மகனுக்குத் தெரியுமுன் ஒரு வியாபாரிக்குத் தெரிகிறது.

வெட்ட வெளியில் சில மீட்டர் வித்தியாசத்திற்குள் இடத்தைச் சொல்லும் இதே கருவி, கான்கிரீட் வீட்டிற்குள் திணறும். கரட்டு மறைவில் கோபுரத்தின் அலை எட்டாவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். அடிக்கடி இடத்தைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தால் பாட்டரி சீக்கிரம் தீரும். எப்போதாவது சொன்னால் போதுமென்று விட்டால், வேண்டிய சமயத்தில் பழைய இடத்தையே காட்டும். வீட்டைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டினால் மணி அடிக்கச் செய்யலாம். ஆனால் பெரியவர் கட்டிலில் படுத்திருக்கும்போதே கருவி தடுமாறி அவர் தெருவில் நிற்பதாகக் கூவுவதும் உண்டு. இரண்டு வாரம் இப்படிக் கூவினால் மூன்றாவது வாரம் வீட்டார் மணியை நிறுத்திவிடுவார்கள். சாவிக்கொத்தில் மாட்டும் மலிவான புளூடூத் வில்லைகள் இன்னொரு வகை. அவற்றுக்குச் சொந்தமாக வாய் இல்லை; அக்கம் பக்கத்தில் போகிறவர்களின் செல்போன்கள்தாம் அவற்றுக்காகப் பேச வேண்டும். மதுரைக் கடைவீதியில் அவை பயன்படும். ஆள் நடமாட்டமற்ற மானாவாரிக் காட்டில் பயன்படா. எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரம் பெரியவரின் உடம்பில் இருந்தாலல்லவா? தமக்குப் பழக்கமில்லாத எதையும் கழற்றி எறிவது இந்நோயின் குணங்களில் ஒன்று. வழக்கமாக இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டுகிறவருக்கு அதிலேயே கோத்துவிடுவது மேல். கடிகாரமே கட்டாதவருக்குக் கடிகாரம் கட்டுவது வீண் செலவு.

மேலே குறிப்பிட்ட விசேஷ காரணத்திற்கு இப்போது வருவோம். மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வோர் இரவும் கணக்கெடுக்கும் ஏற்பாடு உசிலம்பட்டிச் சீமைக்குப் புதிதன்று. 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் வருஷத்துத் திருத்திய சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர் கிராமங்கள்மீது அது ஒன்றன்பின் ஒன்றாகச் சுமத்தப்பட்டது. ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். பிறப்பையே குற்றமாக்கி, விரல் ரேகைகளைப் பதிவு செய்து, குறித்த வேளைகளில் நேரில் ஆஜராகும்படியும், குடியிருக்கும் இடத்தையும், இடம் மாறுவதையும், வீட்டில் இல்லாமல் போவதையும், போக உத்தேசிப்பதையும்கூட முன்கூட்டித் தெரிவிக்கும்படியும் சட்டத்தின் 10ஆவது பிரிவு கட்டளையிட இடமளித்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்கும் சீட்டு, சாவுக்கும் சீட்டு. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த ஜனங்கள்மீது போலீஸார் சுட்டதில் ஒரு பெண்மணி உட்பட 16 பேர் மாண்டனர். அவர்களுக்கான நினைவு ஸ்தம்பம் அங்கே நிற்கிறது. இச்சட்டத்தை எதிர்த்து வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் மலையாள தேசத்துச் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் நடத்தியவர். அவரை இப்பக்கத்து ஜனங்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் ஒழிந்தது.

இதைப் பழங்கதையென்று தள்ளிவிட முடியாது. இன்று தொண்ணூறு வயதைத் தொட்டிருப்பவர் 1947இல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இரவில் தகப்பனார் ஆஜர் கொடுக்கப் புறப்பட்டுப் போனதைப் பார்த்த கண்கள் அவருடையவையாக இருக்கலாம். சமீப ஞாபகம் அழிந்து இளமை ஞாபகம் நிற்கும் நோய் இது என்று மேலே சொன்னோம். அத்தகைய ஒருவரை எதிர்பாராமல் பிடித்து உட்கார வைத்து, கையில் கழற்ற முடியாத பட்டை ஒன்றை மாட்டி, "இனிமேல் நீங்கள் எங்கே போனாலும் தெரிந்துவிடும்" என்று சொன்னால், அவர் எந்தக் காலத்தில் இருப்பதாக எண்ணுவார்? சீமைக்கு வெளியிலும் இந்த எண்ணம் எழாமலில்லை. 2013இல் இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் போலீஸார் மறதி நோயாளிகளுக்கென்று சில ஜி.பி.எஸ். கருவிகளை வாங்கியபோது, குற்றவாளிகளுக்கு மாட்டுவதை முதியோருக்கு மாட்டுவதா என்று அந்நாட்டு ஓய்வூதியக்காரர் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபத்துக்குக் காரணம் யந்திரம் மட்டும் அன்று. வாங்கியவர் போலீஸார் என்பதும்தான். நமது நாட்டிலும் 2023இல் காஷ்மீரப் போலீஸார் ஜாமீனில் விடப்பட்ட ஒருவரின் காலில் இத்தகைய கருவியைப் பூட்டினார்கள். ஒரே யந்திரம் ஒருவருக்கு விலங்காகவும் மற்றொருவருக்கு ஊன்றுகோலாகவும் இருக்கிறது. வித்தியாசம் எதில் இருக்கிறது? யார் கேட்டார்கள், யார் சம்மதித்தார்கள், செய்தி யார் கைக்குப் போகிறது என்ற மூன்றில்தான் இருக்கிறது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கத்திற்கான உரிமை அரசியல் சாஸனத்தின் 21ஆவது ஷரத்தில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஜாமீனில் விடப்பட்டவர் தாம் இருக்கும் இடத்தைச் செல்போன் மூலம் போலீஸாருக்கு எப்போதும் காட்டிக்கொண்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனை செல்லாது என்று அதே கோர்ட்டு 2024 ஜூலையில் கூறிற்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இவ்வளவு மரியாதை உண்டென்றால், ஒரு குற்றமும் செய்யாமல் ஞாபகத்தை மட்டும் இழந்தவருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்?

ஆனால் மகனை எதிர்த்து அடிப்படை உரிமை பேசிக் கோர்ட்டுக்குப் போகிறவர் யாரும் இல்லை. அங்கேதான் சட்டம் மெலிகிறது. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம், தனி மனிதர் குடும்ப காரியத்துக்காகக் கையாளும் தகவலைத் தன் அதிகாரத்திலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே பார்க்கிற மகனை அது கட்டுப்படுத்தாது. சேகரித்து வைக்கும் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் பிரசுரமாயின. அவையும் கட்டங்கட்டமாக அமலுக்கு வரும்படி ஏற்பட்டவை. 1999ஆம் வருஷத்து தேசிய டிரஸ்டுச் சட்டத்தின்படி பாதுகாவலரை நியமிக்கலாமே என்றால், அச்சட்டம் கூறும் குறைபாடுகளின் ஜாபிதாவில் மறதி நோய் இல்லை.

நமக்கு உதவக்கூடியது 2017ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம். ஞாபகத்தையும் இட காலத் தெளிவையும் குலைக்கும் கடுமையான கோளாறுகளையும் அது மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. 4ஆவது பிரிவில் ஓர் அருமையான கொள்கை இருக்கிறது. ஒருவர் செய்யும் முடிவு பிறருக்குத் தவறாகப் படுகிறது என்ற காரணம் மட்டும், முடிவு செய்யும் திறமை அவருக்கு இல்லையென்று காட்டாது. 5ஆவது பிரிவின்படி, வயது வந்த எவரும், நோய் வருமுன்போ வந்த பிறகு தெளிவுள்ள காலத்திலோ, பின்னால் தம்மை எவ்வாறு பராமரிக்கவேண்டும், எவ்வாறு பராமரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தமக்காகப் பேசும் பிரதிநிதியையும் நியமிக்கலாம். இடங்காட்டும் யந்திரம் பராமரிப்பில் சேருமா என்று வக்கீல்கள் வாதிக்கலாம். சட்டத்தில் அச்சொல் இல்லை. வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு காகிதத்தில் எழுதி வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன நாளுக்கும், புத்தி முற்றும் மங்கும் நாளுக்கும் நடுவே மாதங்களும் வருஷங்களும் இருக்கின்றன. அந்தக் காலத்தை "அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது" என்ற தயக்கத்திலேயே கழித்துவிட்டு, காலம் கடந்த பிறகு அவர் தூங்கும்போது கருவியை மாட்டுகிறார்கள். தகப்பனிடம் நிலத்தை எழுதி வாங்கும்போது இந்தத் தயக்கம் இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சம்மதம், நிபந்தனை என்று பேசி முதியோரை அபாயத்தில் விடுகிறீர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஜப்பான் தேசத்து வழக்கொன்று இதற்கு விடையளிக்கும். 2007 டிசம்பரில் ஓபு என்ற ஊரில் 91 வயதுப் பெரியவர் ஒருவர், 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த சமயத்தில் வீட்டைவிட்டுப் போய், ரயிலில் அடிபட்டு இறந்தார். வண்டிகள் தாமதமானதற்கு நஷ்ட ஈடாகச் சுமார் 72 லட்சம் யென் கொடுக்கும்படி ரயில்வே கம்பெனி குடும்பத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. கீழ்க் கோர்ட்டு மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையும் கொடுக்க வேண்டுமென்றது. மேல் கோர்ட்டு மனைவி மட்டும் பாதி கொடுக்கவேண்டுமென்றது. 2016 மார்ச்சு 1ஆம் தேதி ஜப்பானியச் சுப்ரீம் கோர்ட்டு இருவர்மீதும் பொறுப்பில்லை என்று முடிவு செய்தது. வாசலைத் தாண்டினால் ஒலிக்கும் மணிக் கருவி அந்த வீட்டில் முன்பே இருந்தது. அன்று அதன் விசை அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு நிலைத்திருக்குமானால், ஜப்பானில் எத்தனை வீடுகளில் முதியோர் பூட்டப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். அந்நாட்டில் 2023இல் மட்டும் மறதி நோயாளிகள் காணாமற் போனதாக 19,039 புகார்கள் போலீஸில் பதிவாயின. இரும என்ற நகரத்தார் 2016இல் முதியோரின் விரல் நகத்தில் ஒட்டும் சிறு கியூ.ஆர். குறியை வழங்கினார்கள். அதற்குப் பாட்டரி வேண்டாம், ஒருவரையும் அது பின்தொடராது. கண்டெடுத்தவர் செல்போனைக் காட்டினால், யாருக்குச் சொல்லவேண்டுமென்று தெரிவிக்கும். நம் கிராமத்திற்கு, கடிகாரத்தைவிட இந்த முறை அதிகம் பொருந்துமென்று தோன்றுகிறது. துண்டின் ஓரத்திலோ சேலைத் தலைப்பிலோ மகன் அல்லது மகளின் டெலிபோன் நம்பரை நூலால் தைத்துவிடுவதும் இதே காரியத்தைச் செய்யும். அதற்கு விலை ஒரு நூல்கண்டு.

யந்திரம் இடத்தைச் சொல்லும், அழைத்து வராது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் மகன் தன் தகப்பனார் ரயில் பாதையோரம் நிற்பதைப் படத்தில் பார்த்துவிட்டு யாரைக் கூப்பிடுவான்? அந்தப் பெயரும் நம்பரும் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. நார்மண்டிப் படையெடுப்பில் போரிட்ட ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற முதியவர் காப்பகத்திலிருந்து வெளியேறி இறந்தார். அவர் பெயரால் போலீஸார் ஒரு பத்திரம் தயாரித்து, நோயாளி எங்கெங்கே வேலை செய்தார், எந்த வீடுகளில் குடியிருந்தார், எங்கே போக ஆசைப்படுவார் என்பவற்றைக் குடும்பத்தார் முன்கூட்டி எழுதி வைக்கும்படி செய்தார்கள். தேடும்போது நேரே அவ்விடங்களுக்கு ஆள் போகிறது.

நம் சட்டத்திலும் போலீஸாருக்குக் கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன 2017ஆம் வருஷத்துச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் போலீஸ் நிலைய அதிகாரி தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணிக்குள் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். காணாமற் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை எழுதி, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தெரிவிக்கவேண்டும். லாக்கப்பில் வைக்க அவருக்கு அதிகாரமில்லை. "ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று புகார் கொடுக்க வந்தவரைத் திருப்பியனுப்பவும் சட்டத்தில் இடமில்லை. அவசரத்திற்கு 112 என்ற எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும் பெண்கள், பெரியவருக்கு வழி மறக்கிறதா என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், சர்க்காருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஊர்தோறும் உழைக்கும் நமது தொண்டர்கள் இதில் செய்யக்கூடிய காரியம் மிகச் சிறியது. எழுபது வயதைக் கடந்தவர் இருக்கும் வீடுகளுக்குப் போய், அரைத் தாள் காகிதத்தில் சில விவரங்களை எழுதி வைக்கச் சொல்லவேண்டும். பெரியவரைச் சிறுவயதில் அழைத்த பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், பழைய தோட்டமும் அதன் கிணறும் இருக்குமிடம், குலதெய்வம் கோயில், வேலை பார்த்த மில் அல்லது கடை, காணவில்லையென்றால் முதலில் கூப்பிட வேண்டிய மூன்று பேர். அதன் கீழே, யந்திரம் அணியச் சம்மதமா, யார் மட்டும் அதைப் பார்க்கலாம் என்ற இரண்டு கேள்விகளும், அவர் வாயால் சொன்ன விடையும். பார்க்கிறவர் மகனா, மகளா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பெரியவரே சொல்லட்டும். மகன் பெயரைத்தான் சொல்லவேண்டுமென்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவரானால் முழுவதும் படித்துக் காட்டி, அவர் சரி என்று தலையசைத்த பிறகே கைநாட்டு வாங்கவேண்டும். வேண்டாமென்று அவர் சொன்னால் மைப் பெட்டியை மூடிவிட்டு வந்து, பொங்கல் கழித்து இன்னொரு முறை கேட்கலாம்.